பாட்டுக்குப் பின்னால் ஓர் இரைச்சல்

பால்வண்ணன் வீட்டிலேயே ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்வரும் மனைவி கோமதி அங்கே பக்திப் பாட்டுகள் பாடுவாள். அவர் சி.டி. போட்டுக் கோவில்பட்டிக் கடைகளுக்குக் கொடுப்பார்.

புதிதாக இரண்டு ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கினார். முதல் நாளே பாட்டுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் கேட்டது. வயரை மாற்றினார். மைக்கை மாற்றித் திரும்பப் பாடச் சொன்னார். இரைச்சல் போகவில்லை.

ஸ்பீக்கரையும் பாட்டு சி.டி.யையும் தூக்கிக்கொண்டு, வாங்கிய கடைக்குப் போனார்.

"பழைய ஸ்பீக்கர்ல இது கேக்கலியே?"

"அது குறையெல்லாம் மறைச்சு இனிமையாக் காட்டும் அண்ணாச்சி. இது உள்ளத உள்ளபடி சொல்லும்," என்ற கடைக்காரர், பாட்டைப் போட்டுக் கேட்டார். "வரிக்கு வரி நடுவுல மட்டுந்தான் இரையுது. கவனிச்சியளா?"

வரிகளுக்கு நடுவில் கோமதி மூச்சு இழுப்பாள்.

பால்வண்ணன் வீட்டுக்கு ஓடிவந்து அவள் முதுகில் காதை வைத்தார். அதே இரைச்சல்.

"எத்தன நாளாட்டி இது?"

"ரெண்டு வருசமா. மில்லுப் பஞ்சுத் தூசியாம். இனிமே பாடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. நீங்க அன்னைக்குத்தான் இந்த அறைக்குக் கதவு மாட்டிக்கிட்டு இருந்திய."