ஒரு பிள்ளை மட்டும் அழவில்லை

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருடமா, இருபத்தெட்டா என்பதில் ஃப்ளோரன்ஸுக்கே இப்போது தடுமாற்றம்தான். அன்று மழை தூறியதாக ஒரு ஞாபகம். தூறவே இல்லை என்று இன்னொரு ஞாபகம். ராயபுரத்துப் பள்ளியின் சின்ன வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதது மட்டும் நிச்சயம்.

இருபத்தேழாவது பிள்ளை அழவில்லை.

ஆசிரியையாக ஃப்ளோரன்ஸுக்கும் அதுதான் முதல் நாள். தலைமை ஆசிரியை சிலுவையம்மாள் காலையிலேயே மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டார்.

"மேல அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும். இந்த அழுகை அங்க கேட்டுதுன்னா நாளைக்கு நீ வரவேண்டாம். உனக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து போயிட்டாங்க."

ஃப்ளோரன்ஸின் அப்பா துறைமுகத்தில் கிரேனிலிருந்து விழுந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. முன்பெல்லாம் அதை நினைத்தாலே பயம் வரும். இப்போது அதுவும் மரத்துப் போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ரயில்வேயில் வேலை செய்யும் ஜார்ஜ், தன் மகன் வால்டரைத் தோளிலிருந்து பிய்த்துக் கொடுத்தான். "கதவ நல்லா சாத்திக்குங்க டீச்சர். வெளிய வுட்டீங்க, இவன அரக்கோணத்துலதான் போய்ப் புடிக்கணும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் வால்டர் அவள் கட்டைவிரலைக் கடித்தான்.

"கண்டுக்காதீங்க. காலைல கஞ்சி குடிக்கல," என்று ஜார்ஜ் சிரித்துக்கொண்டே நழுவினான்.

கடைசியாக வந்தவள் வேம்பு. துறைமுகத்தில் கரி சுமப்பவள். கழுத்து மடிப்பில்கூடக் கறுப்பு படிந்திருந்தது. ஆறு வயது மகள் ராஜாத்தியை வாசலுக்குள் விட்டுவிட்டுக் குனிந்து சொன்னாள்.

"டீச்சரம்மா இன்னா சொல்றாங்களோ அத்த செய். அழுதுகினு நிக்காத, இன்னா?"

ராஜாத்தி தலையாட்டினாள்.

"இத்தப் பத்தி நீ பேஜாராவாத டீச்சரம்மா. எந்த வூட்ல வுட்டாலும் இருந்துக்கும்," என்று ஃப்ளோரன்ஸிடம் சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வேம்பு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை, பிள்ளையும் பார்க்கவில்லை.

கதவைச் சாத்தியதும் அழுகை இரட்டிப்பானது. ஃப்ளோரன்ஸ் தரையில் மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதிக் காட்டினாள். காக்கா மாதிரி கத்திக் காட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை. மாடியில் யாரோ பிரம்பால் தரையைத் தட்டினார்கள்.

இரண்டாம் தரம் தட்டியபோது ராஜாத்தி எழுந்தாள். வால்டரின் மூக்கைத் தன் பாவாடையால் துடைத்து, அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகில் தட்டத் தொடங்கினாள். வாய் திறக்காமல் ஏதோ முனகினாள். கொஞ்ச நேரத்தில் விரலைக் கடித்த அந்தப் பயல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனான்.

அவனைப் பாயில் கிடத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள். பிறகு அதற்கடுத்த பிள்ளையிடம்.

"பாருங்க ராஜாத்திய! அவ அழறாளா?" என்று ஃப்ளோரன்ஸ் மற்றவர்களிடம் சொன்னாள். விசும்பல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மணலில் கோணல் மாணலாகச் சில 'அ' முளைத்தன.

"எங்க கத்துக்கிட்ட இதெல்லாம்? வீட்டுல தம்பி தங்கச்சி நிறையவா?"

"யாரும் இல்ல. நா ஒண்டிதான்."

மேலே ஏதோ கேட்க ஃப்ளோரன்ஸ் வாயெடுத்தாள். அதற்குள் மூலையில் ஒரு பிள்ளை பாவாடையை நனைத்துக்கொண்டு வீறிட்டது. கேள்வி அப்படியே நின்றுபோனது.

மத்தியானம் சிலுவையம்மாள் இறங்கி வந்தார். வாசற்படியிலேயே நின்று பார்த்தார்.

"இந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குன்னே பொறந்தது போல. ஒரு தரம்கூட வாசலைப் பாக்கலியே."

"ஆமாம்மா."

"நாளைக்கு எட்டரைக்கே வந்துடு," என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

வேலை நிலைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று ஃப்ளோரன்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. கட்டைவிரலில் பதிந்திருந்த பல் தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்கு மணி அடித்தது. வால்டர் அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனான். மற்றப் பிள்ளைகளும் அவரவர் வீட்டு இடுப்புகளில் ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள். சிலுவையம்மாள் குடையை விரித்துக்கொண்டு மாதா கோயில் பக்கம் நடந்தார். ஃப்ளோரன்ஸுக்கு அடுத்த முப்பது வருடமும் அந்த ஒரே அறை என்று ஆனது. அதே நேரம், முகம் கழுவி, மகளுக்கென்று ஒரு பொரி உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, வேம்பு தெருமுனையில் வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

ராஜாத்தி தெருவைப் பார்க்கவில்லை. சிதறிக் கிடந்த மணலை ஒன்றுவிடாமல் பெருக்கி அள்ளினாள். பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினாள். துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஃப்ளோரன்ஸின் எதிரே நின்றாள்.

"இந்த வூட்ல நா எங்க படுத்துக்கறது, டீச்சரம்மா?"