அஞ்சு மணி வரைக்கும்

“நாலே காலாச்சு. ஐயா இன்னும் கூப்பிடலையே மேடம்?” ரேடியோ ஏழாவது தடவையாகக் கேட்டான்.

ஒழுங்குமுறை ஆணைய அதிகாரியின் உதவியாளர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேலையா இருக்கார். நீங்க பேசாம உட்காருங்க சார்.”

பேசாமல் உட்காருவதா, அவனா? ரேடியோ என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அவன் அலுவலகத்தில் ஒரு ரகசியம் ஊரெல்லாம் பரவ வேண்டுமென்றால் அவன் காதில் போட்டால் போதும்.

அரசுக் கடன் பத்திரங்களை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று, ஒருவர் கைவிரித்தால் மற்றவருக்குத் தான் பொறுப்பேற்கும் தீர்வகம் ஒன்றை அவன் நிறுவனம் தொடங்கவிருந்தது. அதற்கான கணினி அமைப்பை இரண்டு வருடம் தூக்கம் கெட்டு உருவாக்கியவன் அவன். ஆணையத்தின் அனுமதி ஒன்றுதான் பாக்கி.

விண்ணப்பம் போட்டு நூற்று இருபது நாளாயிற்று, இன்று கடைசி நாள். இன்றைக்கும் கிடைக்காவிட்டால் பணம் போட்டவர்கள் விலகிக்கொள்வார்கள். நாற்பது பேருக்கு வேலை போகும். அதில் ஒருத்தி அவன் மனைவி.

“அஞ்சு மணி வரைக்கும் அங்கே உட்காரு. அஞ்சு அடிச்சதும் போன் பண்ணு. வேற ஒண்ணும் பண்ணாதே. என்னை அங்கே எல்லாருக்கும் தெரியும், நான் வந்தா சரிப்படாது.” முதலாளி காலையில் இப்படிச் சொல்லித்தான் அவனை அனுப்பினார். மனுஷன் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்றே நினைத்தான்.

நாலரைக்கு மனைவி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். “என்னாச்சுங்க?”

“ஒண்ணும் ஆகலை.” அதற்கு மேல் என்ன சொல்வான், பாவம்.

நாலே முக்காலுக்கு உதவியாளர் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார். அவ்வளவுதான், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டான்.

அதிகாரி தங்கமான மனிதர். “அடடா, காலையிலேர்ந்தா காத்திருக்கீங்க? எனக்கு யாருமே சொல்லலையே!” என்று பதறிப்போய், ஃபைல் குவியலின் அடியிலிருந்து அவர்களுடையதை உருவி, தூசியை ஊதிவிட்டுப் புரட்டினார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ஒரே நாள்ல ரெண்டு பெரிய பேங்க் கைவிரிச்சா என்ன செய்வீங்க?”

ரேடியோ மடமடவென்று பதிலைக் கொட்டித் தீர்த்தான்.

“பிரமாதம்! இதையே எழுத்துல குடுத்துடுங்க.” கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி முத்திரையும் குத்தி நீட்டினார். மணி நாலு ஐம்பத்திரண்டு.

வெளியே வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்து அடிக்கும் வரை யார் காத்திருப்பது? உடனே முதலாளிக்குப் போன் போட்டான்.

“சார், உள்ளே போய்ப் பார்த்துட்டேன்! நம்ம ஃபைலைப் பிரிச்சுட்டார்! ஒரே ஒரு கேள்விதான், எழுதியே குடுத்திருக்கார்!”

மறுமுனையில் முதலாளி “ஐயையோ!” என்றார்.

“சார்?”

“எழுத்துல கேள்வி கேட்டாச்சுன்னா நூத்தி இருபது நாளும் மறுபடி முதல்லேர்ந்துடா.” என்றார் முதலாளி. “உன் ஓட்டை வாய்க்குப் பயந்துதான் அந்த விதியை உன்கிட்ட சொல்லலை.”

“எந்த விதி சார்?”

“அஞ்சு மணி வரைக்கும் அவர் வாயே திறக்கலைன்னா, அனுமதி குடுத்துட்டதா அர்த்தம்.”