வீட்டைக் காக்க ஒரு பாலம்

"இதுக்குப் பேர் பாலமா? ஒரு தவளை எம்பினா அந்தப் பக்கம் போயிடும்" என்றாள் ஐரீன், கணவரின் தேநீர்க் கோப்பையை இரும்புத் துண்டுகளுக்கு நடுவே வைத்தபடி.

வில்ஃப் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோட்டத்தில் அவர் ஓட்டும் குட்டி ரயிலை இத்தனை வருடமாகத் தகர டப்பா என்று மட்டுமே சொல்லிவந்தவள். இன்று பாலம் போதவில்லை என்கிறாள்.

"வேற எப்படி இருக்கணும்கற?"

"நம்ம தோட்டத்துக் குளத்துக்கு மேல போகட்டும். இடுப்பு உயரத்துக்காவது நிக்கணும். கட்டறதே கட்டறீங்க, கண்ணுக்கு லட்சணமா கட்டுங்களேன்."

வில்ஃபுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஏனென்றால் அந்தப் பாலத்தை அவர் ரயிலுக்காகக் கட்டவில்லை.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஐரீன் ஒற்றைக்காலில் நின்றாள். இந்த வீட்டை விற்க வேண்டும், ஸ்கெக்னெஸ் கடற்கரையில் அவள் அக்கா வீட்டுக்கு அடுத்த ஃப்ளாட்டை வாங்க வேண்டும். இரண்டாவது மாடி. தோட்டம் என்று சொல்லிக்கொள்ள ஜன்னலில் ஒரு பூந்தொட்டி. பஸ் டிப்போவில் ஆயுசெல்லாம் எண்ணெயில் புரண்டுவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இந்தத் தோட்டமே கதி என்று கிடந்த மனிதருக்கு அது சிறைக்குப் போவது மாதிரி இருந்தது. ஆனால் ஐரீனிடம் முடியாது என்று சொல்லி ஜெயித்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அவரும் வாயைத் திறக்கவில்லை.

நல்லவேளையாக, வீடு பார்க்க வந்த முதல் இரண்டு குடும்பமும் தோட்டத்தில் ஓடிய தண்டவாளத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தது. குழந்தைக்கு ஊஞ்சல் எங்கே போடுவது என்றார் ஒருவர். புல்வெட்டும் இயந்திரத்தை எப்படித் தள்ளுவது என்றார் இன்னொருவர். அப்போதுதான் வில்ஃபின் மூளையில் பொறி தட்டியது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிடலாம். கான்கிரீட்டில் கால் ஊன்றிய இரும்புப் பாலத்தை யார் பிடுங்குவது? எவன் வாங்குவான் இந்த வீட்டை?

அந்தக் கெட்ட காரியத்துக்குத்தான் ஐரீன் இப்போது யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள், போடட்டும் என்று வில்ஃப் மறுநாளே குளக்கரையில் குழி தோண்ட ஆரம்பித்தார்.

பலகையில் ஆணியடித்து ஓர் அச்சு செய்துகொண்டார். இரும்புக் கம்பிகளை வெட்டி, அந்த ஆணிகளுக்கு நடுவே வைத்து, மேலே குறுகிக் கீழே அகன்ற கால்களாகப் பற்றவைத்தார். பாதி முடிந்தபோது ஐரீன் வந்து, நேர்ப்பாலம் சப்பென்று இருக்கிறது, வளைந்து போக வேண்டும் என்றாள். வளைவு என்றால் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு கோணம். செய்த அச்சு எதற்கும் ஆகாது. வில்ஃப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். வேலை கூடக் கூட வீடும் கையைவிட்டுப் போகாது அல்லவா? பிறகு கறுப்பு வேண்டாம், செங்காவி அடியுங்கள் என்றாள். அதையும் அடித்தார்.

ஒருநாள் அவளே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் பற்றவைக்கும்வரை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவி, இவளுக்குப் போயா குழி பறிக்கிறோம் என்று வில்ஃப் தன்னையே திட்டிக்கொண்டார். ஒருவேளை அவளுக்கும் போக மனமில்லையோ என்று ஓர் ஆசையும் எட்டிப் பார்த்தது.

மே மாதம் பாலத்தின் மேல் ரயில் ஓடியது. அடுத்த சனிக்கிழமை ஆர்மராட் என்பவர் வீடு பார்க்க வந்தார்.

வந்தவர் படுக்கையறையைக் கேட்கவில்லை, சமையலறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே தோட்டத்துக்கு நடந்தார். வில்ஃப் ஓடிப்போய்த் தன் பங்குக்கு ஆரம்பித்தார். கான்கிரீட் ஆழமாக இறங்கியிருக்கிறது, கடப்பாரைக்கும் அசையாது. வருஷா வருஷம் துருப்பிடிக்கும், பெயிண்ட் அடித்தே இடுப்பு ஒடியும். குளத்தைத் தூர்க்கவும் முடியாது. ஆர்மராட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆள் முகத்தில் ஈயாடவில்லை என்று வில்ஃப் உள்ளூரக் குதூகலித்தார்.

ஆர்மராட் ஈரப்புல்லில் மண்டியிட்டு, பாலத்தின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எழுந்து கேட்டார்:

"போகும்போது இதைப் பிடுங்கிட்டுப் போயிட மாட்டீங்களே?"

வில்ஃபின் பதிலுக்குக் காத்திராமல் ஆர்மராட் ஐரீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கறேம்மா. என் குட்டி ரயிலுக்குப் பாலம் எப்படி இருக்கணும்னு அன்னிக்கு போன்ல நான் என்னென்ன சொன்னேனோ, ஒண்ணு விடாம இருக்கு. ஆனா இவ்வளவு சீக்கிரம் முடிச்சுடுவார்னு நான் நினைக்கவே இல்ல."

ஐரீன் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"வீட்டை விக்க விடக்கூடாதுன்னு கட்டினார் இல்லையா, அதான் இந்த வேகம்."