ஒழுகாத குல்லா

"பிரிச்சுப் போடு!" என்றாள் இனெஸ்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். முப்பது கண்ணியில ஆரம்பிச்சே. இப்ப எண்ணு."

செல்சோ பின்னல் ஊசியில் இருந்த கண்ணிகளை எண்ணினான். முப்பத்தேழு இருந்தது.

"ஏழு எங்கேருந்து வந்துச்சு? குட்டி போட்டுச்சா?"

செல்சோ ஊசிகளை மடியில் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்தான். அக்கரையில் புனோ நகரத்தில் அவன் படகு மெக்கானிக். எந்த மோட்டாரையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். ஆனால் இனெஸ் பிறந்த இந்தத் தக்கீலே தீவில் அதற்கெல்லாம் பெண் கொடுக்க மாட்டார்கள். இங்கே நூற்பதும் நெய்வதும் பெண்கள் வேலை. பின்னுவது ஆண்கள் வேலை. மாப்பிள்ளையாக வருகிறவன் தன் கையாலேயே ஒரு குல்லா பின்ன வேண்டும். பெண்ணின் அப்பா அதைக் கிண்ணம்போலப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு சொட்டு ஒழுகினாலும் கல்யாணம் கிடையாது.

தீவுப் பையன்கள் எட்டு வயதிலேயே பின்ன ஆரம்பித்துவிடுகிறார்கள். செல்சோவுக்கு இருபத்தொன்பது வயது. அந்தச் சோதனைக்கு இருப்பது ஆறு வாரம்.

"புதுசா பின்றவங்க தடிச்ச நூலா எடுக்கணும், வெளிர் நிறமா எடுக்கணும், அப்பதான் கண்ணி கண்ணுக்குத் தெரியும்னு சொன்னேனா இல்லையா? நீ எதை எடுத்தே?"

"கறுப்பு."

"அதுவும் தலைமுடி மாதிரி மெல்லிசு! ஏன்?"

"அழுக்குத் தெரியாதுல்ல. மெக்கானிக் கை."

இனெஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தான் நூற்று வைத்திருந்த வெள்ளைக் கம்பளி நூல் உருண்டையை அவன் மடியில் எறிந்தாள். "இந்தா. முதல்ல கழுத்துல சுத்திக்கிற மாதிரி ஒரு பட்டை பின்னு. ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் கண்ணியை எண்ணு. நூலைக் கயிறு இழுக்கிற மாதிரி இழுக்காதே."

"எனக்கு வேண்டியது குல்லா. பட்டையை வெச்சு நான் யாரைக் கட்டிக்கிறது?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே உன்னை மோட்டாரைப் பிரிக்க விட்டாங்களா?"

"இல்ல. ஆறு மாசம் திருகாணி துடைச்சேன்."

"அப்ப துடை!"

அந்த நேரம் பார்த்து இனெஸின் அப்பா டெல்ஃபின் வாசலுக்கு வந்தார். தன் கல்யாணத்துக்காக அவர் மாமனாரிடம் கொடுத்த சிவப்புக் குல்லா இன்னும் அவர் தலையில்தான் இருந்தது. அதில் ஊற்றிய தண்ணீர் அன்று சாயங்காலம்வரை அப்படியே நின்றதாம். தீவில் அதற்கு ஈடு இல்லை என்பார்கள்.

"மாமா, ஒரே ஒரு வரிசை பின்னிக் காட்டுங்களேன்" என்றான் செல்சோ.

"காட்டினா வந்துடுமா? பொறுமை வேணும்! புனோக்காரனுக்கு அது ஏது?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அவர் விறுவிறுவென்று வயல் பக்கம் நடந்துவிட்டார்.

முதல் பட்டை ஒரு முனையில் விரல் அகலமும் மறு முனையில் முழ அகலமுமாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் நேராக இருந்தது. நான்காவது வாரம் மெல்லிய சிவப்பு நூலில் குல்லாவைத் தொடங்கினான். கண்ணிகள் ஒருபக்கம் கல்லாக இறுகின. மறுபக்கம் சுண்டு விரலே நுழைந்தது.

ஆறாவது வாரம் இனெஸ் பெட்டியின் அடியிலிருந்து ஒரு குல்லாவை எடுத்து நீட்டினாள். பலகைபோல நெருக்கமான பின்னல்.

"நான் பின்னினேன். யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை இதைக் குடு."

செல்சோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேண்டாம்."

"என்னது?"

"உங்க அப்பா முகத்தைப் பார்த்து, இது நான் பின்னினதுன்னு என்னால சொல்ல முடியாது."

"உன்னோடது ஒழுகும்!"

"ஒழுகட்டும்."

"அப்ப உன் நேர்மையையே கட்டிக்கோ!" குல்லாவைப் பெட்டிக்குள் வீசி மூடியவள், இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாட்சியாக வரவேண்டிய இனெஸின் பெரியப்பாக்கள் இருவரும் படகுத் துறையிலிருந்து ஐந்நூறு படி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"அவங்க வர்றதுக்குள்ள நான் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று டெல்ஃபின் செல்சோவின் குல்லாவில் சொம்பைச் சாய்த்தார்.

தண்ணீர் சற்று நேரம் நின்றது. ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு தாரையாக ஒழுகி டெல்ஃபினின் செருப்பை நனைத்தது. இனெஸ் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

டெல்ஃபின் சொட்டும் குல்லாவையே பார்த்தார். "இது முழுசும் நீயே பின்னினதா?"

"ஆமா மாமா."

"இனெஸ் ஒண்ணு பின்னித் தரலையா?"

செல்சோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "தந்தா. நான்தான் வாங்கிக்கல. உங்களை ஏமாத்தக் கூடாதுன்னு..."

டெல்ஃபின் மதில்மேல் எட்டிப் பார்த்தார். பெரியப்பாக்கள் கடைசி வளைவைத் தாண்டிவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அட மடையா! ஓடு, அதைப் போய் வாங்கிட்டு வா. சீக்கிரம்!"

"மாமா... அது பொய் இல்லையா?"

"இருபத்தெட்டு வருஷமா என் தலையில இருக்கே, இதை நான் பின்னினேன்னா நினைச்சே?" என்றார் டெல்ஃபின் எரிச்சலோடு. "இது உன் அத்தை பின்னினது, மாப்ளே. நான் பின்னினதுல மீன்தான் பிடிக்க முடியும்!"