சுவரில் ஒரு கோடு

ஆற்றங்கரையில் பெரிலின் மரவீட்டுக் கூடத்தில் டேரன் மண்டியிட்டுப் பார்த்தான். கடல் கூப்பிடு தூரம். வெள்ள ஆபத்தை மதிப்பிட்டு, இங்கே அடுக்குமாடி கட்டலாமா என்று சொல்ல வேண்டியவன் அவன்.

சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.

"பெரிய வெள்ளத்துல வந்த கறையா, பெரில்?"

"ஆமா தம்பி. அது மேல பெயின்ட் அடிக்க அப்பா விடவே இல்ல."

"இவ்வளவுதான் ஏறுச்சா?"

"இவ்வளவேதான். செருப்புங்க மிதந்துச்சு."

கணினி ஆயிரம் சொல்லட்டும், சுவர்க் கறை பொய் சொல்லாது என்பது டேரனின் கட்சி. 'ஆபத்து மிகக் குறைவு' என்று அறிக்கை கொடுத்தான். கொடுத்த கையோடு, வரப்போகும் அடுக்குமாடியில் ஆற்றைப் பார்த்த தரைத்தள வீடு ஒன்றைத் தனக்கே பதிவு செய்துகொண்டான்.

நிலம் கைமாறிய அன்று வாசலில் ஒரு நீள லாரி நின்றது. ஆட்கள் வீட்டை இரண்டாக அறுத்து அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நிலத்தைத்தானே வித்தேன், வீட்டை இல்லையே," என்றபடி பெரில் ஒரு தட்டில் லாமிங்டன் கேக்கை நீட்டினாள். "பழைய இடத்துக்கே போறேன்."

"பழைய இடமா?"

ஊருக்குப் பின்னாலிருந்த குன்றைக் காட்டினாள். "வெள்ளம் வந்தப்ப வீடு அந்த மேட்டுலதான் இருந்துச்சு. மீன் பிடிக்க வசதின்னு அப்பாதான் அப்புறமா இங்க கொண்டாந்து இறக்குனாரு."

லாமிங்டனைக் கையில் வைத்துக்கொண்டு டேரன் குன்றை அண்ணாந்து பார்த்தான்.