கேட்டுக்கு வெளியே ஓர் எலும்பு

கோமதி வீடு சுத்த சைவம். நாய் செவலைக்கும் தேங்காய்ச் சில்லும் கேரட்டும்தான். ஆனால் கறிக்கடை எலும்பு கிடைக்கும் நாளில் அது கேட்டுக்கு வெளியிலேயே படுத்து, முன்னங்கால்களுக்கிடையில் எலும்பை நிறுத்தி, உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல் கடித்து முடிக்கும். பிறகு கேட்டோரச் சட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படியேறும்.

"மனுசனுக்குக்கூட இந்தச் சுத்தம் வராதுங்க" என்று கணவர் சங்கரலிங்கத்திடம் கோமதி பூரித்துப்போவாள்.

அன்று ஆபீஸ் விருந்தில் சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த அவருடைய வலது கையைச் செவலை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு படியில் குறுக்கே படுத்துக்கொண்டது.

"ஏங்க, உள்ள வராம அங்க என்ன பண்றீங்க?"

சங்கரலிங்கம் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். செவலை எழுந்துபோய்த் தண்ணீர்ச் சட்டியருகே நின்று, அவரைத் திரும்பிப் பார்த்தது.