அடுக்களை காணலுக்கு ஒரு கம்ப்யூட்டர்

ரேம் என்று ரேஷ்மா எடுத்துக் காட்டிய சாமான் ஒரு சீப்பு அளவுதான் இருந்தது.

அதில் இரண்டு வேண்டுமாம். இரண்டும் பெட்டிக்குள்ளே போய்விடுமாம், வெளியே தெரியாதாம்.

தெரியாத சாமானில் எதற்கு இரண்டு என்று கேட்டேன். நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யோசுவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் யார் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் ஆறு பெண்களின் அடுக்களை காணலுக்குச் சாமான் எடுத்தவன் இந்தக் கனகதாஸ். கல்யாணம் முடிந்ததும் பெண்வீட்டார் பாத்திரம், அலமாரி, பிரிட்ஜ் என்று டெம்போ நிறைய ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைப் பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அடுக்களையை யாரும் பார்ப்பதில்லை. டெம்போவைத்தான் பார்ப்பார்கள். அதனால் ரோட்டில் நிற்பவனுக்கும் தெரிகிற சாமானாக எடுப்பது என் கொள்கை.

ஏழாவது பெண்ணான ரேஷ்மா, என் அக்காள் மகள், அலமாரி வேண்டாம் பிரிட்ஜ் வேண்டாம், நல்ல கம்ப்யூட்டர் ஒன்று போதும் என்றுவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. தனுவச்சபுரத்தில் வீட்டிலிருந்தபடியே அவள் பொய்ப்பல் செய்யும் ஒரு லேபுக்குக் கம்ப்யூட்டரில் பல் வரைந்து கொடுக்கிறாள். அடுத்த வாரம் யாரோ ஒருவர் முறுக்குக் கடிக்கப்போகிற கடைவாய்ப்பல் இந்த வாரம் இவள் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு பல் முடிவதற்குள் மூன்று முறை மூச்சு நின்றுவிடும்.

மாப்பிள்ளை அனிலுக்குக் காட்டாக்கடை. நிச்சயத்தன்று அவருடைய அம்மா, எங்கள் வீட்டுக்கு வருகிற பெண் வேலை பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அனில் ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாயசத்தை ரேஷ்மா இன்னும் மன்னிக்கவில்லை.

வேலையை விடு என்று சொல்ல முடியும். அடுக்களை காணலுக்கு வந்த சாமானைத் திருப்பி அனுப்ப முடியாது. இதுதான் அவள் கணக்கு. கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் மாமியாருக்கும் சந்தோஷம்தான். முன்னறையில் பூப்போட்ட துணியால் மூடி வைக்க இப்போதே இடம் பார்த்துவிட்டாராம். அங்கே போய் அது பல் வரையுமா, இல்லை துணிக்கு அடியில் இருந்துவிடுமா என்று ரேஷ்மா பயந்துகொண்டே இருந்தாள்.

எனக்கு டெம்போ கவலை.

ஆகவே ஒரு ரேம் போதும் என்றேன். அந்த மிச்சத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் எடுக்கச் சொன்னேன். உள்ளே மூன்று ஃபேன், மூன்றிலும் விளக்கு. யோசுவா அதை எரியவைத்துக் காட்டினார். பச்சை, நீலம், ஊதா என்று மாறிமாறி எரிந்தது. பக்கத்து ஊரான அமரவிளையிலிருந்து பார்த்தாலும் தெரியும்போல இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ரேஷ்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மாமா, லைட்டை வச்சிட்டு பல்லு வரைய முடியாதாக்கும்."

"மக்கா, பல்லை ஆரும் பாக்க வரமாட்டாவ. சாமானைத்தான் பாப்பாவ."

அடுத்து எஸ்எம்பிஎஸ் என்று ஒரு இரும்புப் பெட்டி வந்தது. கரண்டை உள்ளே பிரித்துக் கொடுப்பதாம். அதுவும் வெளியே தெரியாது. மலிவானதைக் காட்டச் சொன்னேன். இதில் மிச்சம் பிடித்தால் எல்லாம் சேர்ந்து புகைந்துவிடும் என்றார் யோசுவா. சம்பந்தி வீட்டில் புகை வருவதை நானும் விரும்பவில்லை. நல்லதையே எடுத்தேன்.

கடைசியில் பேச்சு அந்த இரண்டாவது ரேமில் வந்து நின்றது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மாட்டேன் என்றாள். கண் கலங்கியிருந்தது. ரேமுக்காக மட்டும் ஒரு பெண் இப்படிக் கலங்க மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் பிடிவாதம் பிடித்துவிட்டவன் அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

யோசுவா நல்ல வியாபாரி. பேச்சை மாற்ற, எந்த வீட்டில் வந்து மாட்டிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். காட்டாக்கடை, சந்தைக்குப் பின்னால், அனில் வீடு என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

அந்த வீட்டுக்கு நேற்றுதான் இங்கிருந்து ஒரு மேஜையும் நாற்காலியும் போனதாம். அனிலே வந்து எடுத்தாராம். உள்ளறையில் ஜன்னலோரமாகப் போடுவதற்கு அளவு எழுதிக் கொண்டுவந்திருந்தாராம். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காத நாற்காலிதான் வேண்டுமென்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தாராம்.

அனிலுக்குப் பகல் முழுக்க ஆபீஸ். அவர் எப்போது வீட்டில் நாள் முழுக்க உட்காரப்போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"காலு வைக்க ஒரு பலகையும் கேட்டு வாங்கினாரு," என்றார் யோசுவா. "அதுல இருக்கப்போற ஆளுக்கு காலு தரையில எட்டாதுன்னு சொன்னாரு."

எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அனில் எங்கள் வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். அவருக்கா கால் எட்டாது? கேட்பதற்காக ரேஷ்மா பக்கம் திரும்பினேன்.

கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. அவளும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் கையிலிருந்த ரேமை வாங்கி, பில்லில் சேர்க்கச் சொல்லி யோசுவாவிடம் கொடுத்தேன்.

"மாமா," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "லைட்டு உங்களுக்கு இஷ்டமுள்ளதை எடுங்க."